பதினைந்து நிமிட வியாதி

காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு ஊரே வைத்தியம் சொல்லும். பேட்டரி இறங்கியிருக்கும் என்பார் ஒருவர், சோக்கை இழுத்துப் பாருங்க என்பார் இன்னொருவர், தள்ளிவிடவா என்று நாலு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பி, வழியெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் ஓடி, எங்கேயோ கால்மணி நேரம் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் மட்டும் ‘உர்ர்... உர்ர்...’ என்று சுற்றிக்கொண்டே இருக்கிற வண்டியை என்ன செய்வது? அரைமணி, முக்கால்மணி காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காணாமல் போகிற பல்வலி மாதிரி.

பெசன்ட் நகரில் ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியாரின் வண்டிக்கு இந்த வியாதி இருந்தது. வயது 76. அவருக்கு. வண்டிக்கு 54. 1971 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு, வெளிர் நீலம். 1984-ல் இரண்டாவது கையாக வாங்கியது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு தெரியாத தலைமுறைக்கு இரண்டு வரி. அம்பாசிடர் கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் பிறந்தது, ஃபியட் பம்பாயில் பிறந்தது. ஹெரால்டு நம்ம ஊர்ப் பிள்ளை. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961-லிருந்து செய்தார்கள். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம், உடம்பை வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. 948 சிசி இன்ஜின். பெரிய விசேஷம் பானட். மற்ற கார்களைப் போல மேல்மூடி மட்டும் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் முன்பக்கம் முழுசாக முன்னால் கவிழும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜினில் வேலை பார்க்கலாம். 70-களில் கெஸல் என்று வேறு பெயரில் கொஞ்ச நாள் வந்து, பிறகு நின்றுபோனது. கம்பெனியும் 1988-ல் கார் செய்வதை நிறுத்திவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வாத்தியாரின் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அடையாறில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். காலை ஆறரைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார். பதினொன்றரைக்குத் திரும்பக் கூப்பிடப் போவார். தூரம் என்னவோ மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் அந்த நேரத்தில் சிக்னல் சிக்னலாக நின்று போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். வாசலில் வண்டியை நிறுத்தி, மேலே போய், கையெழுத்துப் போட்டு, அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து லிஃப்டில் கீழே கொண்டுவர இன்னொரு பதினைந்து நிமிடம். அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினால் - உர்ர், உர்ர்.

பின்னால் ஆம்புலன்ஸ் ஹாரன். செக்யூரிட்டி விசில். மே மாசக் கத்திரி வெயில், ஏசி இல்லாத தகரப் பெட்டி. நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துவிட்டு, பிரஷர் இறங்கி, கண்ணைத் திறக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு 71 வயதுப் பெண்மணி. 2025 மே மாதத்தில் மட்டும் இப்படி ஆறு முறை நடந்தது. ஆறாவது முறை வார்டு பையன்கள் வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அம்மா கோபப்படவே இல்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது மட்டும், “ஏங்க, இனிமே நான் ஆட்டோல போய்க்கறேன். நீங்க வீட்லயே இருங்க” என்றார்.

வாத்தியாருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதைக் கல்யாணம் ஆகாத நம்மைப் போன்றவர்கள் ஊகிக்கத்தான் முடியும். வண்டியை மட்டும் வேண்டாம் என்றிருந்தால் பரவாயில்லை.

வெளியூரில் இருக்கிற மகனுக்கோ ஏற்கெனவே ஒரு கருத்து இருந்தது. ஸ்க்ராப்புக்குப் போட்டுவிடலாம். அடுத்த வருடம் ஆர்.சி. வேறு புதுப்பிக்க வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆனது. ‘ஐம்பது வருடம் தாண்டிவிட்டதே, விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாமே’ என்று யாரோ சொல்ல, அதையும் விசாரித்தார்கள். 2021-ல் வந்த விதி அது. விண்டேஜ் என்று பதிந்துவிட்டால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் ஓட்டலாம், தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறதை எந்த ஊர்வலத்தில் சேர்ப்பது?

இதற்கிடையில் மூன்று பட்டறைகள் பார்த்தாகிவிட்டது. முதலாமவர் இக்னிஷன் காயிலையும் கன்டென்சரையும் மாற்றினார். சூட்டில் காயில் படுத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. இரண்டாமவர் ‘பெட்ரோல் ஏர்லாக்’ என்று சொல்லி, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றச் சொல்லிக் கொடுத்தார். பழைய டாக்ஸிக்காரர்களின் கைவைத்தியம் அது. பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிட்டால், பம்பு ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும், பெட்ரோல் மேலே ஏறாது. துணி குளிர்த்தினால் சரியாகிவிடும். மூன்றாமவர் ஹெட்டைக் கழற்ற வேண்டும், ரிங் போர் செய்ய வேண்டும் என்று ஒரு தொகையைச் சொன்னார். அதைக் கேட்டதும் வாத்தியார் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஈரத்துணி கொஞ்சம் வேலை செய்தது என்பதுதான் இதில் வேடிக்கை. துணியைத் தேடி, தண்ணீர் தேடி, நனைத்து, சுற்றி, காத்திருந்தால் வண்டி கிளம்பிவிடும். அதனால் ஏர்லாக்தான் என்று வாத்தியாரும் நம்பியிருந்தார். ஒரு மருந்து கேட்டால் நோயும் அதுதான் என்று நினைத்துவிடுகிறோம். கணக்கு வாத்தியாரே அப்படி நினைத்தால் மற்றவர்களைச் சொல்ல என்ன இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவது ஊரூர் குப்பத்தில். அந்த இடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கும் பிரம்மஞான சபையின் முதல் தலைவர் கர்னல் ஆல்காட், இரண்டாவது தலைவர் அன்னிபெசன்ட். முதலாமவர் பெயர் குப்பத்துக்கு, இரண்டாமவர் பெயர் நகருக்கு. ஹவுசிங் போர்டு வந்து பெசன்ட் நகரை உண்டாக்குவதற்கு ரொம்ப முன்னாலேயே ஊரூர் அங்கே இருந்தது. இப்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு தெரு. நகரத்து ஆட்கள் மீன் வாங்கவும் உடைந்த பாலத்தில் போட்டோ எடுக்கவும் அந்தத் தெருவைத் தாண்டுவார்கள், அவ்வளவுதான். வாத்தியாரும் நாற்பது வருடமாக மீன்காரம்மா வரைக்கும்தான் போயிருந்தார்.

அந்த ஞாயிறும் வண்டி படுத்தது. சங்கரா மீனும் கையுமாக அவர் நிற்பதைப் பார்த்து மீன்காரம்மா, “இன்னா சார், வாராவாரம் இங்கியே நின்னுக்கினு கீது? எங்க கொழுந்தன இட்டாரட்டா?” என்றார். கொழுந்தனார் போட் இன்ஜின் மெக்கானிக். குப்பத்துப் படகுகளின் பின்னால் தொங்குகிற அவுட்போர்டு மோட்டார்களை ரிப்பேர் செய்கிறவர். கடலுக்கும் போவார். போட் இன்ஜின் பார்க்கிறவருக்குக் கார் என்ன தெரியும் என்று வாத்தியாருக்கு ஒரு தயக்கம். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அவர் வந்தார். ஸ்பானர் எதுவும் எடுத்து வரவில்லை. பானட்டைக்கூடத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார்.

“சார், நிறுத்தின கையோட திருப்பினா எடுக்குதா?”

“எடுக்கும்ப்பா. ரெண்டு மூணு நிமிஷம் வரைக்கும் பிரச்சனையே இல்ல.”

“கால்மணி நேரம் கழிச்சி?”

“எடுக்காது.”

“ஒரு மணி நேரம் விட்டா?”

“தானா எடுத்துடும்.”

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். வண்டி எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை நிமிடம் கழித்துத் திருப்பினார், எடுத்ததா இல்லையா என்று மே மாதம் முழுக்கத் தேதிவாரியாக எழுதியிருந்தார். மூன்று பட்டறைகளிலும் அந்த நோட்டை யாரும் கேட்கவில்லை. இவர் வாங்கி, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

“செல்ஃப் நல்லா சுத்துதா?”

“அது பிரமாதமா சுத்தும்.”

“எடுக்கலன்னா நீங்க இன்னா செய்வீங்க?”

“ஆக்சிலரேட்டர நாலஞ்சு தடவை நல்லா மிதிச்சுட்டு மறுபடியும் திருப்புவேன்.”

“சரி சார். நாளைக்கி மத்தியானம் எட்டாங்க. மேகாத்து அடிக்கிற நேரத்துல வாங்க. வியாதிய வரவச்சிதான் பாக்கணும். ஆனா ஒண்ணு, நாளைக்கி ஆக்சிலரேட்டர மிதிக்காதீங்க.”

படிக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் நின்று, அந்த நாலைந்து கேள்விகளில் என்னவெல்லாம் தள்ளுபடி ஆகிவிட்டது என்று பார்க்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆகவே பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார் இரண்டும் இல்லை. காயில் சூட்டில் படுக்கிறது என்றால், வண்டி ஓடும்போதே இருமியிருக்க வேண்டும். நிறுத்திய இரண்டாவது நிமிடத்திலும் எடுக்கக் கூடாது, ஏனென்றால் அப்போதும் காயில் சூடாகத்தானே இருக்கிறது? கம்ப்ரெஷன் போயிருந்தாலும் இதே கதைதான். இரண்டு நிமிடத்தில் எடுக்கிறது, பதினைந்தில் எடுக்கவில்லை, அறுபதில் எடுக்கிறது. அப்படியென்றால் நின்ற பிறகு ஏதோ ஒன்று மெதுவாக ஏறி, பிறகு மெதுவாக இறங்குகிறது.

ஏறுவது சூடு. இன்ஜின் ஓடும்வரை தண்ணீர் சுற்றுகிறது, விசிறி சுற்றுகிறது, வெளிக்காற்று உள்ளே போகிறது, டாங்கிலிருந்து வரும் பெட்ரோலும் ஆவியாகி ஆவியாகிக் கார்புரேட்டரைக் குளிரவைக்கிறது. சாவியை அணைத்த நொடியில் இவை எல்லாமே ஒன்றாக நின்றுவிடும். ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டே இருக்கும். ஹெரால்டு இன்ஜினில் பெட்ரோல் உள்ளே போகிற வழியும் புகை வெளியே வருகிற வழியும் ஒரே பக்கம். கார்புரேட்டர் உட்கார்ந்திருப்பது கிட்டத்தட்ட அடுப்பின் மேல். அம்பாசிடரிலும் அப்படித்தான், அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றிலும் அப்படித்தான். அதனால் பானட்டுக்குள் சூடு அதிகமாக இருப்பது வண்டி ஓடும்போது இல்லை, நின்று பத்து இருபது நிமிடம் கழித்து.

இது தெரிந்தபிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது, அதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். சூட்டினால் பெட்ரோல் வராமல் போகிறதா, அல்லது அளவுக்கு மேல் வந்துவிடுகிறதா? பம்பிலோ குழாயிலோ ஆவி அடைத்தால் இன்ஜின் பட்டினி. கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் பெட்ரோல் கொதித்தால், பால் பொங்குவது மாதிரிப் பொங்கி, ஜெட் வழியாகத் தானாகவே உள்ளே வழியும், இன்ஜின் மூழ்கிவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே ‘உர்ர் உர்ர்’தான். ஆனால் ஒன்றுக்குப் பெட்ரோலை ஏற்ற வேண்டும், இன்னொன்றுக்குப் பெட்ரோலை நிறுத்திக் காற்றை விட வேண்டும்.

மறுநாள் இரண்டு மணிக்கு வாத்தியார் போனார். ஏர் கிளீனரை முதலிலேயே கழற்றி டிக்கியில் போட்டுவிட்டார்கள். இரண்டு பேருமாகத் திருவான்மியூர் வரை போய் எல்.பி. ரோடு நெரிசலில் வேண்டுமென்றே மாட்டி, திரும்பிவந்து குப்பத்து ஓரம் நிறுத்தினார்கள். வாத்தியார் வழக்கப்படி பானட்டைத் திறக்கப் போனார். “தொறக்காதீங்க சார், சூடு ஓடிப்புடும். உள்ள கெடக்கட்டும்” என்று மெக்கானிக் தடுத்தார். படகு நிழலில் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு நிமிடம். யாரோ பீடி பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வர, “அத கடாசிட்டு வா, இல்லாட்டி வராத” என்று ஒரு சத்தம் போட்டார். (இதைச் செய்துபார்க்க நினைக்கும் நண்பர்கள் இந்த வாக்கியத்தை இரண்டு முறை படிக்கவும். பெட்ரோல் வாடை அடிக்கும்போது பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்ப்பதும் இதே லட்சணம்தான்.)

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் மண்ணெண்ணெய்க் கதை வந்தது. குப்பத்தில் ஓடுகிற அவுட்போர்டு மோட்டார்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஆனால் விடிகாலை குளிர்ந்து கிடக்கிற இன்ஜினில் மண்ணெண்ணெய் பற்றாது. அதற்கு ஆவியாகவே 150 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதனால் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரைக்கு வரும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெய் தீர்ந்த பிறகுதான் நிறுத்துவார்கள். மறந்துபோய் மண்ணெண்ணெயோடு நிறுத்திவிட்டால் மறுநாள் காலை கயிறு இழுத்து இழுத்தே தோள் கழன்றுவிடும்.

“கடல்ல இன்ஜின் நின்னுச்சின்னா சும்மா சும்மா கயிற இழுக்க மாட்டோம் சார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒடம்புல இருக்கிறது போவும். மொதல்ல மோந்து பாப்போம். அப்பறம் பிளக்க பாப்போம், ஈரமா கீதா காஞ்சி கீதான்னு. அப்பறம்தான் கயிறு” என்றார். கரையைவிட்டு விலகி மிதந்துகொண்டே போகிற படகில் கற்றுக்கொண்ட பாடம். நம் லேபில் வெர்னியர் காலிப்பரைப் பிடித்துக்கொண்டு கற்றுக்கொள்வதற்கும் இதற்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது.

பன்னிரண்டாவது நிமிடம் பானட்டைக் கவிழ்த்தார்கள். பக்கத்தில் போகும் முன்பே வாடை மூக்கில் ஏறியது. கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்து, “பாருங்க சார்” என்றார். யாரும் எதையும் தொடவில்லை, இன்ஜின் நின்று பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. ஆனால் நடுவில் இருக்கிற குழலின் மூக்கிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு, இரண்டு நொடி, இன்னொரு சொட்டு. காதை வைத்தால் சின்னப் பாத்திரத்தில் கஞ்சி கொதிக்கிற சத்தம். பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்து அசையாமல் நின்றது, ஒரு குமிழிகூட இல்லை.

பட்டினி இல்லை. மூழ்கல்.

“இப்ப ஏறி உக்காருங்க. ஆக்சிலரேட்டர மெதுவா ஒரே அழுத்து, தர வரைக்கும். அப்டியே புடிச்சிக்கினு சாவிய திருப்புங்க. நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காதீங்க.” ஏழெட்டு நொடி சுற்றியது. ஒரு இருமல், பின்னால் குபீரென்று கறுப்புப் புகை, பிறகு வண்டி பிடித்துக்கொண்டது. முழுசாகத் திறந்த வாய் வழியாகக் காற்று போய் அதிகப்படி பெட்ரோலை வெளியே தள்ளிவிட்டது, அவ்வளவுதான். வாத்தியார் இத்தனை நாள் நாலைந்து தடவை மிதித்தாரே, ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கிற சின்ன பம்பு இன்னும் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சியிருக்கிறது. தண்ணீரில் மூழ்கினவனுக்குத் தண்ணீர் புகட்டின கதை. ஈரத்துணி? துணியை நனைத்துச் சுற்றி முடிக்கிற நேரத்தில் மூழ்கின பெட்ரோல் தானாகவே ஆவியாகிப் போயிருக்கும். துணியைச் சுற்றாமல் ஒரு காபி குடித்துவிட்டு வந்திருந்தாலும் கிளம்பியிருக்கும்.

ஆனால் ஹெரால்டு என்று பிறந்த எல்லா வண்டியும் இப்படிப் பொங்கினதாகச் சரித்திரம் இல்லை. இது மட்டும் ஏன்? மெக்கானிக் கார்புரேட்டரின் அடிப்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேனிஃபோல்டோடு அதைப் பிடித்திருந்த நட்டுகளைக் காட்டினார். ஒவ்வொரு நட்டுக்கும் அடியில் மூன்று மூன்று வாஷர். “இத்தினி வாஷர் எதுக்கு சார் போட்டாங்க?”

வாத்தியாருக்குத் தெரியவில்லை.

“போல்ட்டு நீளமா கீது. மர முடிஞ்சிபோயி நட்டு இறுகல. அதான் வாஷர அடுக்கி உட்டுக்கிறாங்க. அப்பிடின்னா இதுக்கு நடுவுல மொத்தமா ஒரு கட்டை இருந்திருக்கணும். இப்ப வெறும் பேப்பர் பேக்கிங்தான் கீது.”

அப்போதுதான் வாத்தியாருக்கு நினைவு வந்தது. 1996-ல் பழைய கார்புரேட்டர் தேய்ந்துபோய் வேறொரு சோலெக்ஸ் மாற்றினார்கள். அது கொஞ்சம் உயரம். ஏர் கிளீனர் பானட்டில் இடித்தது. அன்றைக்கு மாற்றினவர் இடிக்காமல் இருக்க என்ன செய்தார் என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சூடு மேலே ஏறாமல் தடுக்கிறதற்காக வைத்திருந்த ஃபைபர் கட்டையை எடுத்துவிட்டு, காகிதத் தடிமனுக்கு ஒரு பேக்கிங்கை வைத்து, மிச்சத்துக்கு வாஷர் போட்டு முடித்திருக்கிறார்.

“அப்ப இருபத்தொம்பது வருஷமா இது தெரியலையே தம்பி?”

இந்தக் கேள்விக்குப் பதிலை அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் கண்டுபிடித்தார்கள். வாத்தியார் வேலையில் இருந்தவரை காலையில் பள்ளிக்கூடத்தில் நிறுத்தினால் சாயங்காலம்தான் எடுப்பார். ரிட்டயர் ஆனபிறகு வாரத்துக்கு ஒருமுறை கோயில், கல்யாணம். எங்கேயும் பதினைந்து நிமிடம் நிறுத்துகிற வேலையே இல்லை. வியாதி இருந்தது, அது வெளியே தெரிய வாய்ப்புத்தான் இல்லை. டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பதினைந்து நிமிடம் வாரத்துக்கு மூன்று தரம் வந்தது.

இன்னொரு காரணம் பெட்ரோல். நாம் பங்கில் போடுவது பழைய பெட்ரோல் இல்லை. 2022-ல் நாடு முழுக்க எத்தனால் கலப்பு 10 சதவீதத்தைத் தொட்டது, 2025-ல் 20 சதவீதம். எத்தனால் தனியாக இருந்தால் 78 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோலோ பல சரக்குகளின் கலவை, அதில் லேசானவை 40 டிகிரிக்குள்ளேயே கிளம்பிவிடும், கடைசிச் சரக்குக்கு 200 டிகிரி வேண்டும். இரண்டையும் கலந்தால் நடுவில் எங்கோ கொதிக்கும் என்றுதானே தோன்றும்? அப்படி இல்லை. எத்தனால் பெட்ரோலில் இருக்கிற சில சரக்குகளோடு சேர்ந்து, இரண்டும் தனித்தனியாகக் கொதிப்பதைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஆகவே 70 டிகிரிக்குள் ஆவியாகிற பங்கு கூடிவிடுகிறது. கம்ப்யூட்டர் வைத்து, டாங்கிலேயே பம்பு வைத்து, அழுத்தத்தில் பெட்ரோலை வைத்திருக்கிற இன்றைய வண்டிக்கு இந்தப் பிரச்சனை இல்லை. திறந்த கிண்ணத்தில் பெட்ரோலை வைத்துக்கொண்டு அடுப்பின் மேல் உட்கார்ந்திருக்கிற 1971-க்கு இருக்கிறது. பழைய ரப்பர் குழாய்க்கும் எத்தனால் ஆகாது. கழற்றிப் பார்த்தபோது உள்பக்கம் பிசுபிசுவென்று ஊறிப்போயிருந்தது.

வைத்தியம் ஒரு வாரம் பிடித்தது. பாரிமுனையில் ஒரு துண்டு ஹைலம் ஷீட் வாங்கி, 8 மில்லிமீட்டர் கனத்துக்குக் கட்டை வெட்டினார் மெக்கானிக். போல்ட்டு மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை, வாஷர்களை எடுத்ததும் அளவு சரியாக வந்தது. அடியில் சூட்டை மறைக்க ஒரு தகடு வேண்டும். பிரிண்டிங் பிரஸ்ஸில் கழித்துப்போட்ட அலுமினியத் தகட்டை வெட்டி வளைத்தார், அதில் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ தலைகீழாகத் தெரிந்தது. குழாயெல்லாம் எத்தனாலுக்குத் தாங்குகிற ரகத்தில் புதுசு. பம்பின் டயாஃப்ரமும் அப்படியே. கடைசியில், எதிர்பார்த்தபடி ஏர் கிளீனர் மறுபடி பானட்டில் இடித்தது. அதற்குப் புதுப்பேட்டையில் இரண்டு மத்தியானம் அலைந்து தட்டையாக ஒன்று தேடிப் பிடித்தார் வாத்தியார். முழு ரிங் போருக்குக் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

ஆட்டோவில் போய்க்கொண்டிருந்த அம்மாவை, ஜூன் இரண்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, “இன்னிக்கு ஒரு நாள் மட்டும்” என்று கேட்டுக்கொண்டு கூட்டிப்போனார். பதினொன்றரைக்குப் போய் நிறுத்தினார். மேலே போனார். லிஃப்ட் வர நேரமானதால் திரும்பிவர பத்தொன்பது நிமிடம் ஆனது. அதை நோட்டில் எழுதியிருக்கிறார். அம்மாவை உட்காரவைத்தார், கதவைச் சாத்தினார், சாவியைத் திருப்பினார். எடுத்தது. கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தபிறகு அம்மா கண்ணைத் திறக்காமலே, “இவ்வளவு நேரமும் இன்ஜின ஆஃப் பண்ணாமலா வெச்சிருந்தீங்க? பெட்ரோல் என்னத்துக்கு ஆகும்?” என்று கேட்டார். வாத்தியார் பதில் சொல்லவில்லையாம்.

மார்கழியில் ஒரு ஞாயிறு, மீன் வாங்க வந்தபோது வாத்தியார் மெக்கானிக்கிடம் ஒரு புகார் சொன்னார். காலையில் ஆறு மணிக்கு எடுத்தால் வண்டி முன்னைப் போல ஒரே திருப்பில் எடுக்கவில்லை, சோக்கை இழுத்துப் பிடித்து இரண்டு மூன்று தரம் திருப்ப வேண்டியிருக்கிறது, அப்புறமும் கொஞ்ச தூரம் இழுவை இல்லை. மெக்கானிக் வலையை மடித்துக்கொண்டே சிரித்தார்.

“கட்டை வச்சா கீழ இருந்து சூடு வராது இல்ல சார். அது கத்திரிக்கும் வராது, மார்கழிக்கும் வராது. நம்ம இன்ஜின் மாதிரி ஆயிட்ச்சி உங்குளுது. கொஞ்சம் மின்னாடியே எழுந்து எட்த்து வைங்க.”

வாத்தியார் இப்போது கொஞ்சம் முன்னாடியே வண்டியை எடுத்து வாசலில் ஓடவிட்டுவிட்டுத்தான் அம்மாவை எழுப்புகிறார்.